ஹாமர் ஓடுதா?

துப்பாக்கியோடு லோக்கல் ட்ரெயினில் போயிருக்கிறீர்களா? போன மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை நான் போனேன்.

பயப்பட வேண்டாம். ஏர் ரைஃபிள்தான். நீளமான கறுப்புப் பெட்டிக்குள், பூட்டுப் போட்டு, கிளப் கடிதத்தோடு பத்திரமாக இருந்தது. சுடப்போவதும் நானில்லை. எங்கள் கிளப்பில் என்னோடு பயிற்சி எடுக்கும் அமுலுவுக்கு மாநிலப் போட்டி. நான் பெட்டி தூக்கவும் துணைக்கும் போனவன். கவரைப்பேட்டையில் ஏறி உட்கார்ந்ததுமே எதிர் சீட் அம்மா பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா அது, கீபோர்டா? எந்த சர்ச்சுல வாசிக்கிறே?"

"ஆமாங்க்கா," என்றாள் அமுலு. எந்த சர்ச் என்ற கேள்விக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். துப்பாக்கி என்று சொல்லியிருந்தால் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் விளக்க வேண்டியிருக்கும், பாவம்.

அமுலு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறாள். ஸ்கூலில் என்.சி.சி.யில் முதன்முதலாகத் துப்பாக்கி பிடித்தவள். கல்யாணம், குழந்தை, ஷிஃப்ட் என்று பல வருஷம் விட்டுவிட்டு, மறுபடி பிடித்தாள். அவள் கணவர் ஏழுமலை, அதே பேட்டையில் ஒரு ஃபோர்ஜிங் ஷாப்பில் ஹாமர் ஆபரேட்டர். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைப்பார்கள். மேலிருந்து ராட்சச சம்மட்டி இறங்கி அடிக்கும். அதுதான் ஹாமர்.

நானா? டாக்டர் "மூச்சைக் கவனியுங்கள்" என்றார். யோகா வகுப்பில் சேர்ந்தேன், தூங்கிவிட்டேன். அதனால் துப்பாக்கி. ஒன்றரை வருஷமாகச் சுடுகிறேன்... குண்டு எங்கே போகும் என்று இன்னும் எனக்கும் தெரியாது, குண்டுக்கும் தெரியாது.

நாங்கள் சுட்டுப் பழகும் ரேஞ்ச் ஒரு பழைய கோடவுன். அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஏழுமலையின் ஃபோர்ஜிங் ஷாப். பத்து மீட்டர் தள்ளி ஒரு இலக்கு. அதன் நடுவில் இருக்கும் 'பத்து', பால்பாயின்ட் பேனா வைத்த புள்ளி அளவு. அதைக் குறிபார்த்து மூச்சை நிறுத்தும் நேரத்தில் தரை அதிர்ந்தால் எப்படி இருக்கும்? திம்... திம்... காதை அடைத்துக்கொண்டாலும் கால் வழியாக ஏறும். நானும் கிளப் செக்ரட்டரியிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். வேறு வழியில்லாமல் எல்லோருமே பழகிக்கொண்டோம். ஹாமர் இறங்கும், மூச்சை விடுவோம், அடுத்த அடிக்கு முன்னால் ட்ரிக்கரை அழுத்துவோம்.

போட்டி என்றால் போய் நின்று சுடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. தார்ப்பாய் மாதிரி விறைத்த கோட்டு, அதே மாதிரி பேன்ட், வளையாத ஷூ. போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து நடை. காலையில் டீ கூடாது, நெஞ்சு படபடக்கும். நாஷ்டா ரெண்டே இட்லி. டீயை விட்டுக்கொடுப்பதற்கே தனியாக ஒரு மெடல் தரலாம் என்பது என் கட்சி. அப்புறம் உபகரணச் சோதனை. கோட்டின் கனம், ஷூ எவ்வளவு வளைகிறது, துப்பாக்கி என்ன எடை... எல்லாம் அளந்து பார்த்து ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அமுலுவுடையது எல்லாம் பாஸ்.

இந்தப் போட்டியில் அவளுக்கு ஒரு கவலை இருந்தது. எங்கள் கிளப்பில் உருப்படியான ரைஃபிள் ஒன்றே ஒன்றுதான். மாநிலப் போட்டியில் தகுதி மதிப்பெண் எடுப்பவருக்கு அது ஒரு வருஷத்துக்கு. எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அமுலு அந்த ரைஃபிளோடு வந்திருந்தாள். தவறவிட்டால், கன்னம் வைக்கும் கட்டையை டேப் போட்டு ஒட்டிய பழைய ரைஃபிளுக்குத் திரும்ப வேண்டும். அதை வைத்துக்கொண்டு அவள் மேலே போக முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அறுபது குண்டு, ஒன்றேகால் மணி நேரம். பெரிய ஏசி ஹால். என்ன ஒரு அமைதி! பயிற்சியிலேயே பின்னி எடுப்பவள், இங்கே அசத்திவிடுவாள் என்று பின்வரிசை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அமுலு துப்பாக்கியைத் தூக்கினாள். குறி பார்த்தாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள், இறக்கினாள். ஒருவழியாகச் சுட்டால் ஒன்பது. அடுத்ததும் ஒன்பது. அப்புறம் ஒரு எட்டு. அவள் எட்டு அடித்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்து லேன்களில் நின்று சுடுபவர்கள் பாதிக்கு மேல் முடித்துவிட்டார்கள், இவள் மூன்றில் ஒரு பங்குகூடத் தாண்டவில்லை. கடைசியில் துப்பாக்கியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, அனுமதி கேட்டுக்கொண்டு, வாத்து நடையில் என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சார், இங்க சத்தமே இல்ல."

அடடே, இதுதானா விஷயம்? கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய வியாதி. ஹாமர் தாளத்துக்குச் சுட்டுப் பழகிய கை, தாளம் இல்லாமல் தவிக்கிறது. எனக்கு ஒரே உற்சாகம். "மனசுக்குள்ள நீயே ஒரு தாளம் போட்டுக்க அமுலு..." என்று உபதேசத்தை ஆரம்பித்தேன்.

"அது இல்ல சார்." தலையை ஆட்டினாள். "நீங்க கிளப்புக்கு வர்றதுக்கு முன்னாடி ஒருநாள். நான் ரேஞ்சுல சுட்டுக்கினு இருந்தேன். ஹாமர் நின்னுச்சு. டீ டைம்னு நெனச்சேன். ஆடாம அசையாம இருக்கு, நல்லதாப் போச்சுன்னு சுட்டுக்கினே இருந்தேன். எல்லாம் பத்து." ஸ்டாண்டில் இருந்த துப்பாக்கியைத் திரும்பிப் பார்த்தாள். "டீ டைம் இல்ல சார். எங்க ஊட்டுக்காரரு கை."

ஏழுமலையின் இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான். பார்த்திருக்கிறேன். கேட்டதில்லை.

"இது வேற எடம்னு மூளைக்குத் தெரியுது. கை கேக்க மாட்டேங்குது. சத்தம் இல்லன்னா அங்க இன்னாவோ ஆயிட்ச்சின்னே தோணுது. ஒரு போன் போட்டு, ஓடுதான்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?"

ஹாலுக்குள் போன் கூடாது. அவளை லேனுக்கு அனுப்பிவிட்டு வெளியே ஓடினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் ஓடியது இந்த நூற்றாண்டில் அதுவே முதல் தடவையாக இருக்கும். முதல் அழைப்பை ஏழுமலை எடுக்கவில்லை. இரண்டாவது அழைப்பில் எடுத்தார்.

"தண்ணி குடிக்க வந்தேன் சார். ஸ்கோர் இன்னா?"

"அதை வுடுங்க. ஹாமர் ஓடுதா?"

ஏழுமலை ஸ்கோரை மறந்துவிட்டார்.

"அமுலு கேட்டுச்சா?"

"ஆமா."

"ஓடுது சார். பார்ட்னர் அடிச்சிக்கினு கீறான். நான் நல்லா கீறேன்னு சொல்லுங்க." அப்புறம் போனை ஹாமர் பக்கம் திருப்பிக் காட்டியிருக்க வேண்டும். திம்... திம்... ஒன்றரை வருஷமாக நான் சாபம் கொடுத்துக்கொண்டிருந்த சத்தம். இன்னும் இரண்டு அடி கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தேன்.

உள்ளே போனால் அவள் லேனில் நிற்கிறாள். அங்கே நிற்கும்போது அவளோடு பேசக்கூடாது. சைகை காட்டலாம். என்ன சைகை காட்டுவது? வலது கையை முஷ்டி பிடித்து இடது உள்ளங்கையில் அடித்தேன். ஒன்று. இன்னொன்று. பக்கத்தில் இருந்த கோச் ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டுமே.

அமுலு பார்த்தாள். திரும்பினாள். துப்பாக்கியைத் தூக்கினாள்.

அதற்கப்புறம் எல்லாமே பத்து என்று கதை விட மாட்டேன். நடுவில் ஒன்பதுகளும் வந்தன. ஆனால் தூக்கிய துப்பாக்கியை அவள் சுடாமல் இறக்கவில்லை. நேரம் முடிகிற நிமிஷத்தில் கடைசி குண்டு. தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியது கொஞ்சம்தான். ஆனால் தாண்டினாள். ரைஃபிள் அவளிடமே இருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது?

திரும்பி வரும்போது ட்ரெயினில் யோசித்துக்கொண்டே வந்தேன். நம் எல்லோருக்குமே இப்படி ஒரு சத்தம் இருக்கிறது, இல்லையா? அடுத்த அறையில் அப்பாவின் இருமல். ராத்திரி வாசலில் பைக் ஸ்டாண்ட் போடும் சத்தம். காலையில் சமையலறையில் பாத்திரம் உருட்டுவது. "கொஞ்சம் நிம்மதியா இருக்க விடுறீங்களா?" என்று நாமே கத்தியிருப்போம். அந்தச் சத்தத்தின் மேல்தான் நம் நிம்மதி உட்கார்ந்திருக்கிறது என்பது, அது ஒருநாள் கேட்காதபோதுதான் தெரிகிறது. செக்ரட்டரியிடம் ஹாமரைப் பற்றி இனிமேல் சண்டை போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆனால் அடுத்த போட்டியும் அமைதியான ஹாலில்தானே? அதனால் ஃபோர்ஜிங் ஷாப்புக்கு லீவான ஞாயிற்றுக்கிழமைகளில் அமுலுவுக்குத் தனிப் பயிற்சி. அவள் போட்ட ஒரே நிபந்தனை, ஏழுமலை பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த ஞாயிறு வந்தார். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். வாரம் முழுக்க ஹாமரோடு மல்லுக்கட்டிய மனுஷன், சீக்கிரமே தூங்கிவிட்டார். அப்புறம் குறட்டை. சும்மா சொல்லக்கூடாது, கனமான, ஒரே சீரான குறட்டை. அமுலு திரும்பிப் பார்க்கவே இல்லை. குறட்டை இறங்கியது, மூச்சை விட்டாள், சுட்டாள். பத்து. மறுபடியும் பத்து.

அடுத்த போட்டியில் அவரையும் உபகரணச் சோதனையில் காட்டி ஸ்டிக்கர் ஒட்டி வாங்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.