இல்லை என்போர்

பனியன் கம்பெனியில் மதியச் சாப்பாடு முடிந்ததும், ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிற அக்கா எங்களுக்குச் சட்டசபை நடத்திக் காட்டுவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலம்பாளையத்துக்குப் பிழைக்க வந்தவர். மகளிர் குழுவோடு ஒருமுறை சென்னைக்குப் போய், பார்வையாளர் மாடத்திலிருந்து சபையைப் பார்த்தாராம். கத்தரியால் மேசையைத் தட்டி, "ஆம் என்போர்?" என்பார். நாங்கள் சிரித்துக்கொண்டே "ஆம்" என்போம். "இல்லை என்போர்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்.

அந்தச் சபை எதற்கென்று நான் யோசித்ததே இல்லை. சாக்கடை அடைத்தால் மனு கொடுக்கிற ஆள்தான் எனக்கு எம்.எல்.ஏ.

"ஒன் வீட்டுக் காதுகுத்துக்கு வந்து நிக்கவாய்யா அவரை அனுப்புனோம்?" என்று அக்கா கேலி செய்வார். "எட்டு மணி நேர வேலைன்னு மொதலாளி எரக்கப்பட்டா வச்சாரு? சட்டம்யா. நாம அனுப்புன ஆளுவ உக்காந்து பேசிப் போடுதது. வேண்டாம்னு சொல்லுதவனையும் கேக்காம முடிக்கக் கூடாது. அதுக்குத்தான் சபை."

ஒருநாள் மேனேஜர் எல்லோரையும் நிறுத்தி, இனி தினமும் ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் என்றார். "எல்லாருக்கும் சம்மதந்தானுங்க?" எங்கள் பக்கத்தில் 'சரிங்க' என்பது பாதி நேரம் சம்மதமே இல்லை, சொன்னது காதில் விழுந்தது என்பதற்கான மரியாதை. எல்லா வாயும் அந்த மரியாதையைச் செய்தன. அதுவே தீர்மானமாகிவிட்டது.

அக்கா மட்டும், "எனக்குச் சம்மதம் இல்ல சார். வேண்டாம்ங்கிறவங்களையும் கேளுங்க" என்றார். இப்படி வரப்போகிறது என்று முந்தின நாளே பேச்சு அடிபட்டது; நானும் கூடச் சொல்வதாக அப்போது அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் சிரித்தபடி, "வேற யாருங்க?" என்றார்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் செக்கிங் மேசைக்கு அடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டேன்.

மறுநாள் அவருடைய மிஷினில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவர் அக்கா. டீக்கடையில் யாராவது "வேற யாருங்க?" என்று கேட்டால்கூட இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

போன மாதம் அவிநாசி பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒதுங்கப் பார்த்தவனை அவரே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீ கைய தூக்க வந்தத நான் பாத்தேன்யா. பக்கத்துல நின்னவன் பிடிச்சு இழுத்துட்டான், என்ன? ஒருத்தனாவது வந்தானேன்னு எனக்கு அது போதும்."

யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. இத்தனை வருடமும் அதை நம்பியிருக்கிறார்.

"ஆமாங்கக்கா" என்றேன்.