அடிபம்பு ஓரத்து வசம்பு

பொத்தேரிக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு நர்சரி. மகளோடு துளசி வாங்கப் போனவள், கறுப்புப் பையில் இருந்த ஒரு புல்லின் முன்னால் நின்றுவிட்டேன். பச்சையும் வெளிர்மஞ்சளுமாகக் கோடு போட்ட ஒல்லி இலைகள், விசிறிபோல விரிந்திருந்தன. "ஃபாரின் ஐட்டம் மேடம். ஈரமான எடத்துல வச்சா போதும், அது பாட்டுக்கு வளரும்" என்றார் கடைக்காரர். நான் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன். அவர் முகம் சுருங்கியது. "இது நம்ம வசம்புக்குத் தங்கச்சிப்பா" என்றேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு என்ன தெரியும், நான் அந்த ஒரு மூச்சில் எங்கே போய்விட்டேன் என்று.

எழுபதுகளில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் எனக்கு முதல் வேலை. பிரசவம் பார்க்கும் நர்ஸ். ஓர் அறை, ஒரு சமையலறை, வாசலில் அடிபம்பு, அதுதான் குவார்ட்டர்ஸ். அச்சரப்பாக்கத்தில் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவளுக்குத் தோட்டம் போடாமல் இருக்க முடியுமா? ரோஜா வைத்தேன், கருகியது. மல்லி வைத்தேன், கடல் காற்று ஒரே வாரத்தில் அதைத் துடைப்பக் குச்சியாக்கியது. மிஞ்சியது அடிபம்பு ஓரத்துச் சேறும், அதில் கும்மாளமிட்ட கொசுவும்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, எங்கள் வாய்க்கால் ஓரத்திலிருந்து நாலைந்து வசம்புக் கிழங்கைத் தோண்டி ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். பக்கத்து இருக்கை அம்மாள் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். சேற்றில் ஏரி வண்டலைக் கொட்டி, கிழங்கைப் புதைக்காமல் மேலாகப் படுக்க வைத்தேன். புதைத்தால் அழுகிவிடும். கால் எப்போதும் நனைந்திருக்க வேண்டும், தலையில் கொஞ்சம் வெயில் வேண்டும். குடம் கழுவும் தண்ணீர் ஓடி ஓடி, ஒரு மழைக்காலம் தாண்டியதும் வாள்வாளாக எழுந்து நின்றது பாருங்கள்! அழகுக்காக வைத்தது. அதை யாருமே அழகாகப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

"இன்னா நர்சம்மா, பேர் சொல்லாதத வாசல்லியே வச்சுகினு கீற?" என்றாள் தண்ணீர் பிடிக்க வந்த தேசம்மா. மீன்கூடை சுமந்தே தோள் அகன்றுபோனவள். வசம்பு என்று அங்கே யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், 'பேர் சொல்லாதது' என்றுதான் சொல்வார்கள். பிறந்த பிள்ளை கையில் அதை வளையலாகக் கோத்துக் கட்டுவார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து நாக்கிலும் வைப்பார்கள். வாயில் வைக்கக்கூடாது என்பது நர்ஸ் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

தேசம்மாவின் மருமகள் அஞ்சலை அப்போது பிள்ளைத்தாய்ச்சி. முன்னே பிறந்த இரண்டும் மாதம் திரும்புவதற்குள் போய்விட்டன. இந்த முறை நானே பிரசவம் பார்த்தேன். பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. ரப்பர் குழாயால் சளியை உறிஞ்சி, முதுகைத் தேய்த்துத் தேய்த்து, என் கை ஓய்ந்த நேரத்தில் 'வீல்' என்றது. தேசம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கையில கட்டுங்க ஆயா, வாயில மட்டும் வேணாம்" என்றேன். தலையாட்டினாள்.

சில நாள் கழித்து, ஒரு நாள் காலையில் பம்பு ஓரத்தில் வசம்பு தோண்டிய ஈரக் குழி. தேசம்மா வீட்டுக்கு ஓடினேன். குழந்தை துவண்டு கிடந்தது. பால் குடிக்கவில்லை, வாந்தி. வாயருகே முகர்ந்தால் அதே வாசனை. "ராவெல்லாம் வவுறு பொருமிச்சு நர்சம்மா, அத்தைதான் அத கொஞ்சமா குடுத்தாங்க" என்று அஞ்சலை அழுதாள். கரையில் மீன் ஏற்ற வந்த லாரியை மறித்து, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நாங்கள் மூன்று பேரும் குழந்தையோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். 

மறுநாள் சாயங்காலம் குழந்தை கண் விழித்துப் பால் குடித்தது. தேசம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"நர்சம்மா, முன்ன போச்சே ரெண்டு... அதுங்களுக்கும் நான்தான் குடுத்தேன். அப்ப நானேதானா?"

எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. காய்ச்சலாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம்.

"இல்ல ஆயா. அது வேற சீக்கு" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பினாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொய் சொன்னாலும் நீ நல்லா இருக்கணும்" என்று உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வசம்பு கேட்டு வந்தவர்களை நான் விரட்ட வேண்டியிருக்கவில்லை. பம்படியில் தேசம்மாவே நின்றுகொள்வாள். "கையில கட்டு. நாக்குல வச்ச, வந்து ஒதைப்பேன்!" அவளே பிடுங்கி, வேர் ஆய்ந்து, கழுவிக் கொடுப்பாள். நான் மணிக்கணக்காகப் பேசியும் கேட்காத பெண்கள், அவள் சொன்னால் மறு பேச்சில்லாமல் போனார்கள். என்ன விலை கொடுத்து அவள் அதைச் சொல்கிறாள் என்பது எனக்கும் அஞ்சலைக்கும் மட்டுமே தெரியும்.

அப்புறம் எனக்கு மாற்றல், கல்யாணம், வேறு ஊர்கள். சில வருஷங்களுக்கு முன்பு அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவள் சும்மா இறங்கிப் பார்த்தேன். சாலை நாலு மடங்கு அகலம். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் உயரமான மதில், உள்ளே விடுதி, கார்கள். பம்பு இருந்த இடம் சிமெண்ட் தரை. டீக்கடையில் விசாரித்தேன். தேசம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அஞ்சலை தன் மகள் வீட்டோடு போய்விட்டாளாம், எந்த ஊர் என்று தெரியவில்லை. குப்பத்தில் பாதிப் பேர் இடம்பெயர்ந்துவிட்டார்கள்.

மதிலை ஒட்டி நின்றிருந்தபோது காவலாளி வந்தார். "யார பாக்கணும்மா? பேர் சொல்லுங்க, உள்ள கேட்டுச் சொல்றேன்."

நல்ல மனிதர்தான். யார் பேரைச் சொல்வது? "யாருமில்லப்பா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனேன்.