பிள்ளைக்காம்பராவை மேலே மாற்றிய வருடம்

எங்கள் தோட்டத்து மலைச் சரிவை ஓட்டல் கட்டுவதற்காக வெட்டத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. பக்கத்திலுள்ள எல்ல ஊருக்கு வரும் வெள்ளைக்காரர்கள் இனி எங்கள் பக்கமும் வருவார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு வெள்ளைக்காரர்களைவிடப் பெரிய அதிசயம் மண் வாரும் மஞ்சள் இயந்திரம்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், அது தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கிப் போடுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்போம்.

வெட்டிய இடத்துக்கு நேர் கீழே பிள்ளைக்காம்பரா இருந்தது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் சற்றுத் தள்ளி. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன் கைக்குழந்தைகளையும் நடை பழகும் பிள்ளைகளையும் அங்கேதான் விட்டுப் போவார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. சொந்தமாகப் பிள்ளை இல்லாதவர், லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தார். பால் கரைத்துக் கொடுப்பதும் தொட்டிலாட்டுவதும்தான் தோட்டம் அவருக்குக் கொடுத்த வேலை. அத்தை அதோடு நிற்கவில்லை. பூக்களைக் காட்டி நிறம் சொல்லிக்கொடுத்தார், பழைய சேலையைக் கிழித்துப் பந்து கட்டிக் கொடுத்தார். பேச்சு வராத ஒரு பையனைத் தினமும் எதிரே உட்கார வைத்து, அவன் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவன் சொன்ன முதல் சொல் ‘அத்தை’ என்பதில் அவனுடைய அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஐப்பசி மழை பிடித்ததும் பின்சுவர் ஓரமாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே வந்தது. ஒரு நாள் தொட்டிலுக்குக் கீழே தேங்காயளவு கல் ஒன்று உருண்டு வந்து கிடந்தது. அத்தை அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆபீஸ் படியில் வைத்துவிட்டு வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கல்லும் அங்கே இல்லை.

பிறகு அத்தை வீடு வீடாகப் போய்ப் பேசினார். எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டல் வந்தால் பையன்களுக்கு வேலை கிடைக்கும், இப்போது வாயைத் திறந்தால் அதுவும் கெடும் என்றார்கள்.

“ஓட்டல் வரட்டும், நான் வேணாங்கல. புள்ளைங்க தலைக்கு மேல வெட்ட வேணாங்கறேன், அவ்வளவுதான்” என்றார் அத்தை.

ஒவ்வொருவராக வருவதாகச் சொன்னார்கள். ஒரு காலை, பெண்கள் பெரட்டுக்குப் போகாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அம்மாவும் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து மற்றவையும் அழ, உள்ளே யாராலும் போன் பேச முடியாமல் போய், கடைசியில் தோட்டத்தை நடத்தும் துரையே வெளியே வந்தார். அத்தை எழுந்து நின்றார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். வெட்டுவதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லி முடித்தார். ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்வதாகத் துரை சொன்னார்.

சொன்னபடியே பதுளையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். குடையைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்தார், சரிவை அண்ணாந்து பார்த்தார்.

“இதுக்குள்ள பிள்ளையளை வைச்சிருக்கக் கூடாது. சரியான ஆபத்து” என்றார்.

அன்று மாலை அத்தை லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தேங்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நாங்களும் கத்திக்கொண்டு ஓடினோம்.

அதிகாரி சொன்னது அப்படியே நடந்தது. அடுத்த வாரம் பிள்ளைக்காம்பராவைப் பூட்டி, தொட்டில்களை லொறியில் ஏற்றி, தோட்டத்தின் உச்சியில் இருக்கும் மேற்கணக்குப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மஞ்சள் இயந்திரம் மட்டும் நிற்கவில்லை.

கைப்பிள்ளையோடு அவ்வளவு உயரம் ஏறி, விட்டுவிட்டு, மறுபடி இறங்கிப் பெரட்டுக்கு வந்து நிற்க யாரால் முடியும்? பிந்தினால் அன்றைக்கு வேலையில்லை. சில தாய்மார் ஒரு வாரம் முயன்று பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். அத்தை மட்டும் தினமும் ஏறிப் போனார்.

அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். வீட்டில் வேறு ஆள் இல்லை. கொஞ்ச நாளைக்கு நீ தம்பியைப் பார்த்துக்கொள் என்று அம்மா சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாய்ப்பாடு இல்லை, பிரம்பு இல்லை, மழையில் நனைந்துகொண்டு நடக்க வேண்டியதில்லை. லயத்தில் என்னைப் போல இன்னும் சில பெண்பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடினோம். அதில் நான்தான் டீச்சர்.

அத்தைக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“புள்ள படிப்பக் கெடுக்காதம்மா.”

“அப்ப இவன எங்க விடுறது அண்ணி? கொழுந்துக் கூடையிலயா?” அம்மா அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. “மாத்தச் சொல்லி நீங்கதானே கேட்டீங்க.”

அம்மாவும்தானே ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அத்தை கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஆபீசுக்குப் போய், லயத்துப் பக்கமாக ஒரே ஒரு காம்பரா ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இந்த முறை அவரோடு யாரும் போகவில்லை. “நீங்க கேட்டதத்தானே செஞ்சு குடுத்தோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

மார்கழியில் மழை விடாமல் பெய்தது. ஒரு காலை, நாங்கள் லயத்து வாசலில் இருக்கும்போதே மலை சரிந்து இறங்கியது. சத்தம் அடங்கியதும் ஓடிப்போய்ப் பார்த்தோம். பிள்ளைக்காம்பரா இல்லை. கூரைத் தகரத்தின் ஒரு மூலை மட்டும் சேற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு ஓடி வந்தார்கள். அத்தையும் மேற்கணக்கிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்தார். அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

“நீங்க இல்லாட்டி எம்புள்ள இன்னக்கி இதுக்குள்ள, அண்ணி.”

மற்றவர்களும் சுற்றி நின்று அதையே சொன்னார்கள். அத்தை அவர்களையும் பார்க்கவில்லை, மண்ணையும் பார்க்கவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பிள்ளையை இடுக்கியபடி வரிசையாக நின்ற எங்களைத்தான் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து தம்பியை வாங்கிக்கொண்டார்.

“இவன நான் வச்சுக்கிறேன். நீ பள்ளிக்கூடம் போ தங்கம். மணி அடிச்சிருப்பாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “லீவு விட்டு ஒரு வாரமாச்சு அத்தை” என்றேன்.

அத்தை சேற்றிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். வருடக்கணக்காகக் கூட்டிப் பெருக்கிய இடமில்லையா, மனது தாங்கவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஓட்டல் பிறகு கட்டி முடிந்தது. எங்கள் லயத்துப் பையன்கள் இரண்டொருவருக்கு அங்கே வேலையும் கிடைத்தது. தையில் பள்ளிக்கூடம் திறந்தபோது நான் போகவில்லை. தம்பி கொஞ்சம் வளரட்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் வளர்ந்தபோது, சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று அந்த மழையில் இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் அத்தையின் பக்கத்தில் குந்தி, அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

“அழாதீங்க அத்தை” என்றேன். “புதுசா ஒன்னு கட்டிக் குடுப்பாங்க.”