சீசன் பூட்டு

ஃபாயிசாவுக்கு அந்தக் கம்ப்யூட்டர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. விடிந்ததிலிருந்து அது ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது: ‘உங்கள் கணினியில் எல்லா அப்டேட்டும் ஏறியிருக்கிறது.’ பக்கத்தில் ஒரு பச்சை டிக் வேறு. பரீட்சைக் கம்பெனியின் சாஃப்ட்வேரைத் திறந்தாலோ, ‘உங்கள் கணினி மிகப் பழைய பதிப்பு, அப்டேட் செய்துவிட்டு வாருங்கள்’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிக் கதவைச் சாத்தியது. ஒன்று புதுசு என்கிறது, இன்னொன்று பழசு என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது அவள்.

பரீட்சை அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு. மெடிக்கல் கோடிங் பரீட்சை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் அனுப்பும் நோயாளி விவரங்களைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்கான எண்ணைப் போடுகிற வேலை. தேறிவிட்டால் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம் என்று சென்னைக் கம்பெனி ஒன்று வாக்குக் கொடுத்திருந்தது. தவறவிட்டால், அவள் புருஷன் தவுசீப் அன்று சாயங்காலமே ஷார்ஜாவில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவான். அவனுடைய ஆபீஸ் அதற்குமேல் தவணை தரவில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்ததைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வருஷம்கூடத் தேறாது. லீவில் வருவான், பெட்டியைப் பிரிப்பான், மறுபடி கட்டுவான். போன தடவை கிளம்பும்போது, “நீ ஒரு வேலையில ஒக்காந்துட்டா நான் இங்கயே ஒரு கடை கிடை பாத்துக்குவேன் ஃபாயிசா” என்றான். சும்மா வாய் வார்த்தையாகத்தான் சொல்லியிருப்பான். இவள் அதையே பிடித்துக்கொண்டு அடுத்த வாரமே படிக்க ஆரம்பித்துவிட்டாள். அடுப்படியில் எலும்புகளின் பெயர்களை முணுமுணுப்பதைக் கேட்டு மாமியார் மைமூன், மருமகள் ஏதோ ஓதுகிறாள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்ட நாளெல்லாம் உண்டு.

மரக்காணத்தில் பள்ளிவாசலுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மாமியாரும் மருமகளும் மட்டும். மைமூனுக்கு மகன் போன்தான் உலகம். அவன் கூப்பிட்டால் தொழுகை நேரம் தவிர எந்த நேரமானாலும் எடுத்துவிடுவாள். எடுத்ததும் முதல் கேள்வி “சாப்ட்டியாடா?” என்பதுதான். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி மாறியதே இல்லை.

“என்ன புள்ள, வந்துச்சா?” என்று வாசற்படியில் நின்று கேட்டாள் மைமூன்.

“வரல மாமி.”

“நிறுத்திட்டு மறுபடி போட்டுப் பாரேன். டிவிக்கு அப்படித்தானே பண்றோம்.”

“நாலஞ்சு தடவை பண்ணிட்டேன் மாமி. சும்மா இருங்க கொஞ்ச நேரம்.”

அவள் செய்யாததில்லை. நிறுத்திப் போட்டாள். தேதி, மணி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லையோ என்று பழைய படங்களை அழித்தாள், அதில் கல்யாண வீடியோவின் பாதியும் போயிற்று. போன் நெட்டில் ஓடுவதால் அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறதோ என்று அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டாள். கோளாறு கண்டுபிடிக்கிறேன் என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொத்தான் இருக்கிறதே, அதையும் அமுக்கினாள். அது ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றி வந்து, ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று கூசாமல் சொன்னது. அதைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு யாரிடமாவது லேப்டாப் வாங்கலாம்தான். ஆனால் பரீட்சைக் கம்பெனி போன வாரமே இந்தக் கம்ப்யூட்டரைச் சோதித்துப் பதிந்துகொண்டது. அப்போது எல்லாம் சரி என்றவர்கள், புதுப் பதிப்பு கட்டாயம் என்று முந்தைய நாள் சாயங்காலம் ஒரு மெயில் போட்டார்கள். கம்ப்யூட்டரை மாற்றினால் பரீட்சை அடுத்த மாதத்துக்குப் போய்விடும். மனுஷர்களைப் பாடாய்ப் படுத்துவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், வேறென்ன சொல்ல!

அந்த நேரம் பார்த்துத் தவுசீப் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அவள் எடுத்த மாத்திரத்தில் கம்ப்யூட்டருக்கு நெட் அறுந்தது. அந்தப் போனுக்கு அப்படி ஒரு வியாதி. பேசினால் நெட்டைத் தராது, நெட்டைத் தந்தால் பேச விடாது.

“கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது மச்சான். பரீட்சை எழுத முடியுமான்னே தெரியல.”

“சரி விடு. முடியலன்னா என்ன பண்றது? அவங்க சாயங்காலம் பேப்பரோட வருவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை கூப்பிடுறேன்” என்றான். குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுபடி திரைக்கு வந்தாள். பச்சை டிக்குக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. காலையிலிருந்து கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த வரிதான். ‘சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது.’ எந்த நிறுவனம்? இந்த வீட்டில் நானும் மாமியும்தானே நிறுவனம் என்று அதைத் தாண்டித் தாண்டிப் போயிருந்தாள். இப்போது அதிலேயே கண் நின்றது. சட்டென்று உறைத்தது.

இந்தக் கம்ப்யூட்டர் இந்த வீட்டுக் கம்ப்யூட்டரா என்ன? பஞ்சநாதனின் உப்பள ஆபீஸில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவள் அங்கேதான் ஆபரேட்டர். லாரி எடை மேடையில் ஏறும், இவள் பில் போடுவாள். ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, “நீ தட்டித் தட்டித் தேஞ்ச மிஷின், நீயே எடுத்துட்டுப் போம்மா” என்று அவர்தான் கொடுத்தார். அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பங்குனி மாதம், வெளியே லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கும்போது, கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆகிறேன் என்று படுத்துக்கொண்டது. டிரைவர்கள் போட்ட சத்தத்தில் பஞ்சநாதன் ஆடிப்போனார். அன்றிலிருந்து தை பிறந்தால் மெக்கானிக் கலையரசன் வந்து அப்டேட்டைப் பூட்டிவிடுவான். கார்த்திகை மழையில் பாத்தியெல்லாம் தண்ணீரில் மூழ்கி வேலை நின்ற பிறகுதான் திறப்பான். உப்பளத்தில் பழுது பார்ப்பது, ஓலை மாற்றுவது, கல்யாணம் பேசுவது எல்லாமே மழைக்குத்தான். கம்ப்யூட்டரும் அதே கணக்கில் சேர்ந்துகொண்டது. அது அவள் வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மழை போய்விட்டது. பூட்டு இருப்பதே ஒருவருக்கும் நினைப்பில்லை.

மைமூனின் பட்டன் போனை வாங்கிக் கலையரசனைப் பிடித்தாள்.

“அட ஆமாக்கா! அது நான் போட்ட பூட்டுதான். புதுசு எதையும் காட்டாதேன்னு அதுக்குச் சொல்லி வெச்சிருக்கு. அதான் இருக்கறதே போதும்னு டிக் போட்டுக் காட்டுது” என்றான். “திறக்கறது ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அதுக்கு முதலாளி பாஸ்வேர்டு வேணும். அவரு என்னையே திரும்பி நிக்கச் சொல்லிட்டுத்தான் அடிப்பாரு. எனக்குத் தெரியாது.”

பஞ்சநாதனின் நம்பர் அணைந்து கிடந்தது. சீசனில் அவர் போனை ஆபீஸில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பாத்திக்குள் இறங்குவார். ஃபாயிசா ஸ்கூட்டியை எடுத்தாள். மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது ஈசிஆர் ரோட்டைத் தாண்டி உப்பள வரப்பில் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை கண்ணைப் பறித்தது. முக்காடு காற்றில் அடித்து அடித்து முகத்தை மறைத்தது.

பஞ்சநாதன் முழங்கால் வரை வேட்டியை மடித்துக்கொண்டு, லாரியில் உப்பு ஏற்றுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

“பாஸ்வேர்டா? எதுக்கும்மா?”

“அப்டேட் போடணும் ஐயா.”

“சீசன்ல எவனாவது அப்டேட் போடுவானா? மழை வரட்டும்.”

“ஐயா, அது இப்ப எங்க வீட்டுல இருக்குது. எங்க வீட்டுக்கு ஏது சீசன்?”

“எங்க இருந்தா என்ன? நடுவுல புட்டுக்கிச்சுன்னா? பட்டது பத்தாதா நாம?” அவர் லாரிப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஃபாயிசாவுக்குப் பொறுமை போயிற்று. “ஐயா, இன்னிக்கு நான் பரீட்சை எழுதலன்னா அவரு சாயங்காலம் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுருவாரு. மழை வர்ற வரைக்கும் நான் எங்க போறது?” என்று கத்தியேவிட்டாள். கூடை சுமந்து போன பாக்கியலட்சுமி அப்படியே நின்றாள். லாரிமேல் நின்றவனும் நின்றான்.

பஞ்சநாதன் லாரியை விட்டு அவள் பக்கம் திரும்பினார். பிறகு இரண்டடி கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, “ஆண்டாள். இங்கிலீஷ்ல. பின்னாடி நம்ம பழைய லாரி நம்பர். அதான் உனக்கு மனப்பாடமாச்சே” என்றார்.

ஆண்டாள் அவர் பெண்டாட்டி. வாரத்துக்கு நாலு நாள் அந்த அம்மாவோடு அவர் போடும் சண்டை ஊருக்கே கேட்கும். பக்கத்திலேயே நின்ற பாக்கியலட்சுமி காதில் அது விழுந்துவிட்டது, விடுவாளா? “அய்யய்யே! வீட்டுல அந்தத் திட்டு, பொட்டிக்குள்ள அந்தப் பேரா?” என்றாள். பாத்தி முழுக்கச் சிரிப்பு எழும்பியது. “போய் வேலையப் பாருங்கடி” என்று அவர் சீறியபோது ஃபாயிசா ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டன் போனில் கலையரசன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திறந்தாள். பாஸ்வேர்டு முதல் தடவை தப்பானது, அவசரத்தில். இரண்டாம் தடவை உள்ளே விட்டது. பூட்டை எடுத்து, நிறுத்திப் போட்டாள். பொடி எழுத்து வரி காணாமல் போயிருந்தது. தேடச் சொன்னாள். வந்தது! பச்சை டிக் மறைந்து, ஏற்ற வேண்டிய அப்டேட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன.

“வந்துடுச்சு மாமி!”

“அல்ஹம்துலில்லாஹ்! அப்ப பரீட்சை எழுதலாமா?”

“இது எறங்கணும், ஏறணும். அதுக்குள்ள கரண்ட் போகக் கூடாது. துஆ பண்ணுங்க.”

மைமூன் தொழுகை விரிப்பை எடுத்துக்கொண்டு போனாள். ஃபாயிசா சாப்பிடவில்லை. சதவீதம் ஊர்ந்தது. ஒரு இடத்தில் ரொம்ப நேரம் அசையாமல் நின்றது. மின்விசிறி ஒரு தடவை மெதுவாகிச் சுற்றியபோது, யா அல்லாஹ், உயிரே போய் வந்தது. கடைசியில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து, கறுத்து, மறுபடி விழித்தபோது பரீட்சைக்குச் சில நிமிஷங்களே பாக்கி. அந்த சாஃப்ட்வேரைத் திறந்தாள். இந்தத் தடவை அது கதவைச் சாத்தவில்லை.

கேமராவுக்கு அப்பால் இருந்த பெண் குரல் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது. போன் அறைக்குள் இருக்கக் கூடாது, வேறு ஆள் இருக்கக் கூடாது என்றது. நெட்டோ அந்தப் போனில்தான். ஃபாயிசா போனை மாமியார் கையில் திணித்தாள்.

“மாமி, யார் கூப்பிட்டாலும் எடுக்காதீங்க. எடுத்தா நெட் போயிடும். நெட் போச்சுன்னா பரீட்சையும் போச்சு.”

“தவுசீப் கூப்ட்டா?”

“அவர் கூப்ட்டாலும்தான்.” கதவைச் சாத்திவிட்டாள். அவனுக்கு ஒரு மெசேஜ் போட வேண்டும் என்பது கதவு சாத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் குரல் இருக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லியாயிற்று.

பரீட்சை பாதி கடந்திருக்கும். அடுத்த அறையில் போன் அடித்தது. வாட்ஸ்அப் ஓசை. அவன்தான். பேப்பரோடு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஃபாயிசா ஒரு கேள்வியையே திரும்பத் திரும்பப் படித்தாள், ஒன்றும் ஏறவில்லை. மாமி எடுத்துவிடுவாள், பழக்கதோஷத்தில் எடுத்தே விடுவாள் என்று காதெல்லாம் அங்கேயே இருந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கதவுக்கு அப்பால் மைமூன் ஏதோ ஓதுகிற சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது. மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்தது. திரையில் நெட் அறுபடவில்லை. பதில் கிடைக்காமல் அவன் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பரீட்சை எதற்கு என்று ஒரு நிமிஷம் கை ஓய்ந்தது. பிறகு அடுத்த கேள்விக்குப் போனாள்.

முடித்துப் பொத்தானை அமுக்கியதும் திரை யோசித்தது. பிறகு ‘தேர்ச்சி’ என்று காட்டியது. அவள் சந்தோஷப்படக்கூட இல்லை, எழுந்து ஓடிக் கதவைத் திறந்தாள்.

மைமூன் தரையில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில், இரண்டு கையும் அதற்கு மேல். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“மூணு தடவை அடிச்சான் புள்ள. என் புள்ள கூப்ட்டு நான் எடுக்காம இருந்ததே கெடையாது. தெரியாதாம்மா எனக்கு, எதுக்கு அடிக்கிறான்னு?”

ஃபாயிசா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை வாங்கிக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“மச்சான், பாஸ் பண்ணிட்டேன். நீங்க... போட்டுட்டீங்களா?”

“எங்க போடுறது? பேப்பரை அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன்.”

“எப்போ?”

“மூணாவது தடவை அடிச்சதும். அம்மா என் போனை எடுக்காம இருப்பாங்களா? எடுக்கலன்னா நெட்டு உனக்கு ஓடுது, நீ உள்ள எழுதிக்கிட்டிருக்கேன்னு அர்த்தம். அதுக்கு மேல நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

“நான் ஃபெயில் ஆகியிருந்தா?”

“மறுபடி எழுதுவ. அப்ப போனைப் பிடிச்சுக்க நான் இருப்பேன்.”

ஃபாயிசா வாயில் முக்காட்டை வைத்து அழுத்திக்கொண்டாள். மைமூன் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள். கடைசியில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சாப்ட்டியாடா?” என்று கேட்டாள்.