ஒரு கிலோ அழகும் நாங்கள் பட்ட பாடும்

லேப்டாப் விற்கிறவர் விற்ற ஊரிலேயே குடியிருக்கக் கூடாது. நான் தக்கலையில் குடியிருக்கிறேன். தக்கலையிலேயே ஒரு கம்ப்யூட்டர் கடையில் விற்பனையும் பார்க்கிறேன். மீன் வாங்கப் போனாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், "அன்னைக்கி ஒண்ணு தந்தீங்களே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். மிக்ஸியோ செருப்போ இன்வெர்ட்டரோ, எதையாவது கவுண்டருக்குப் பின்னால் நின்று விற்றவர்களுக்கு அந்த 'தந்தீங்களே' எங்கே போய் முடியும் என்று தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் ஒரே ஒரு லேப்டாப் மாடலைப் பற்றியது. சின்னது, மெலிசு, ஒரு கிலோகூட இல்லை. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு விளம்பரமாகிவிடும்.

அறிமுக விழா

கம்பெனியிலிருந்து ஒரு தம்பி அதைக் கொண்டுவந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வெள்ளைப் பெட்டி. எங்கள் முதலாளி ராஜன் அண்ணன், சர்வீஸ் பார்க்கிற ஸ்டீபன், நான், மூன்று பேரும் சுற்றி நின்றோம். தம்பி லேப்டாப்பை இரண்டு விரலில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். பக்கவாட்டில் திருப்பி, "எவ்வளவு மெலிசு பாருங்க" என்றார். மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். ஒரு தடவைகூட அதில் ஒரு வரி தட்டிக் காட்டவில்லை.

ராஜன் அண்ணன் அதை வாங்கிச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். "ஒயரு குத்த எத்தன ஓட்டை இருக்கு?" என்றார். இரண்டு என்றார் தம்பி. அதில் ஒன்று சார்ஜருக்குப் போய்விடும். "பின்ன மவுஸு, பென்டிரைவு, பிரிண்டரு?" என்று அண்ணன் கேட்க, இதை வாங்குகிறவர்கள் ஒயர் எல்லாம் பயன்படுத்த மாட்டார்கள் என்று தம்பி சிரித்தார். கூடவே ஒரு சார்ஜரை எடுத்து மேஜையில் வைத்தார். செங்கல் மாதிரி இருந்தது. லேப்டாப்பில் குறைத்த எடையை எல்லாம் அதில்தான் ஏற்றியிருப்பார்கள் போல. தம்பி போன பிறகு ராஜன் அண்ணன் அந்தப் பெட்டியை மறுபடி ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இவன் லேப்டாப்பு விக்க வந்தானா, பப்படம் விக்க வந்தானா?"

ஆனாலும் கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் அதைத்தான் வைத்தோம். பார்க்க அவ்வளவு அழகு. வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் தொட்டார்கள்.

முதல் சரணம்

முதலில் வாங்கியது அருளப்பன் சார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது சபைச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டு வரிகளைச் சுவரில் காட்டுவது அவர் பொறுப்பு. புரொஜெக்டர் ஒயருக்கு இந்த லேப்டாப்பில் இடம் இல்லை என்பதால் இடையில் மாட்டுகிற ஒரு குட்டிப் பெட்டியையும் கொடுத்து அனுப்பினேன். அங்கே போன பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. இரண்டு ஓட்டைகளும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் குட்டிப் பெட்டியை மாட்டினால் மற்றதில் சார்ஜர் நுழையாது. ஒன்று படம் காட்டலாம், இல்லையென்றால் சார்ஜ் போடலாம்.

பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. கடைசிப் பாட்டின் முதல் சரணத்தோடு சார்ஜ் தீர்ந்து சுவர் இருட்டாகிவிட்டது. புதுப் பாட்டு, மீதி யாருக்கும் தெரியாது. பாட்டுக் குழுவும் நிறுத்தவில்லை, சபையும் நிறுத்தவில்லை. அதே சரணத்தையே திரும்பத் திரும்பப் பாடி ஆசீர்வாதம் வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை கடைக்கு வந்த அருளப்பன் சார் கோபப்படவே இல்லை. லேப்டாப்பை மெல்ல கவுண்டரில் வைத்துவிட்டு, மகளிடம் பேசுவது போலச் சொன்னார்: "ஆண்டவருக்கு அந்த மொதல் சரணம் இப்ப நல்லா மனப்பாடம் ஆயிருக்கும் மோளே."

ஒரு பொத்தானின் வேலை

தாணு அண்ணாச்சி பத்திரம் எழுதுகிறவர். பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கே வெளிச்சம் மூன்று பக்கமும் அடிக்கும். இந்த லேப்டாப்பின் திரையோ பளபளவென்று கண்ணாடி. எழுத்தைத் தேடினால் பின்னால் போகிற பஸ் தெரிகிறது என்று முதல் வாரமே சொன்னார். துணி ஒன்றைக் கூடாரம் மாதிரிக் கட்டிக்கொண்டு சமாளித்தார்.

துணியால் மறைக்க முடியாத தொல்லை ஒன்று இருந்தது. எழுத்தை அழிக்கிற பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், அதே நிறத்தில், லேப்டாப்பை அணைக்கிற பொத்தான். எந்தப் புத்திசாலி அதை அங்கே வைத்தானோ, அவன் வாழ்நாளில் ஒரு எழுத்தையும் தப்பாகத் தட்டி அழித்திருக்க மாட்டான்.

ஒரு நாள் ஒரு அண்ணனும் தங்கையும் வந்திருக்கிறார்கள். அப்பா விட்டுப்போன தோப்பைப் பிரிப்பதில் வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவர்கள். அண்ணாச்சிதான் இரண்டு வீட்டுக்கும் நடந்து, தங்கைக்குக் கிணற்றுப் பக்கம், அண்ணனுக்கு ரோட்டுப் பக்கம் என்று சம்மதிக்க வைத்தவர். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அண்ணாச்சி தங்கையின் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தப் போனார். விரல் தவறியது. திரை அணைந்தது.

மறுபடி பொத்தானை அமுக்கினால் வந்துவிடும், வரவும் செய்தது. ஆனால் அதற்குள் தங்கை எழுந்துவிட்டார். "எனக்க பேரு வந்த ஒடனே அணைஞ்சி போச்சு பாத்தீங்களா" என்றிருக்கிறார். அண்ணன்காரர் சும்மா இருந்திருக்கலாம். "நீ வந்தாலே வெளங்காதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஆளுக்கொரு ஆட்டோ. மறுநாள் லேப்டாப்பைக் கொண்டுவந்த அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் சொன்னது: "நான் நடந்து நடந்து இருத்தி வச்ச ரெண்டு பேர ஒரு பொத்தான் எழுப்பி விட்டுட்டுது, மக்கா."

கட்டஞ்சாயா

களியக்காவிளையில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர் இதில் கொஞ்சம் கட்டஞ்சாயாவைச் சிந்திவிட்டார். பால்கூட இல்லாத வெறும் டீ. ஸ்டீபன் கழற்றப் பார்த்தான். ஸ்குரு எங்கேயும் காணோம். அடியில் ஒட்டியிருந்த ரப்பரைப் பிய்த்தால் அதற்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் எல்லாம் ஒரே பலகையில் உருக்கி ஒட்டியது. பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஒரு கீபோர்டை மாற்ற முக்கால்வாசி லேப்டாப்பை மாற்ற வேண்டும்.

ஸ்டீபன் இதை ஒவ்வொன்றாக விளக்கினான். வியாபாரி நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பின்ன இதுக்கு சர்வீஸ் எதுக்கு, சவப்பெட்டி செய்யுத ஆளு போருமே."

கருத்துக் கேட்பு

இதற்கிடையில் கம்பெனித் தம்பி மறுபடி வந்தார். வாடிக்கையாளர்களின் கருத்தைக் கேட்டு மேலே அனுப்ப வேண்டுமாம். அலமாரிக்கு முன்னால் உட்காரச் சொல்லி, நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். ஓட்டை, பொத்தான், திரை, பசை. அவர் தன் பையிலிருந்து ஒரு தடித்த கறுப்பு லேப்டாப்பை எடுத்து வைத்து, மவுஸைச் செருகி, பென்டிரைவைச் செருகி, மளமளவென்று தட்ட ஆரம்பித்தார். ஓரம் தேய்ந்த பழைய பெட்டி, வேறு கம்பெனியுடையது.

முன்வரிசையில் இருந்ததைக் காட்டி, "தம்பி, உங்க கம்பெனியில இந்தச் சின்னத நீங்க வாங்கிக்கலையா?" என்றேன். அவர் தட்டுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "எனக்கு வேலை இருக்கே மேடம்."

ஷீபாவின் மூக்கு

ஷீபா நர்ஸ். சிதறால் பக்கம் வீடு. பகலில் ஆஸ்பத்திரி டியூட்டி, சாயங்காலம் ஜெர்மன் வகுப்பு என்று ஓடி, பரீட்சையும் எழுதித் தேறியிருந்தாள். ஜெர்மனியில் வேலைக்கு எடுக்கிற ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடியோவில் நேர்முகத் தேர்வு நடத்துவார்கள். ஃபோன் கூடாது, லேப்டாப்தான் வேண்டும் என்று ஏஜென்சியில் கண்டிப்பாகச் சொன்னதால் எங்களிடம் வந்து இதை வாங்கினாள். அலமாரியில் இதைவிட அழகான பெட்டி இல்லையே.

திரையைச் சுற்றி விளிம்பே இருக்கக் கூடாது என்ற அழகுக்காக, கேமராவை மேலேயிருந்து எடுத்துத் திரைக்குக் கீழே வைத்திருந்தார்கள். எதிரே உட்கார்ந்து பேசினால் தாடையும் மூக்குத் துவாரமும்தான் தெரியும். தட்டினால் விரல்கள் பூதம் மாதிரி எழுந்து வரும். ஷீபா பாட்டுப் புத்தகம், பைபிள், அரிசி டப்பா என்று எதையெதையோ அடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். உயரம் கூடினால் நெற்றி போயிற்று, குறைந்தால் கண் போயிற்று. இது போதாதென்று உள்ளே காற்றாடி கிடையாது. பேச்சு கொஞ்சம் நீண்டதும் பெட்டி தோசைக்கல்லாகச் சூடாகி, குரல் விட்டு விட்டுப் போயிருக்கிறது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவர்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அந்த இன்னொரு நாளும் சரியாக அமையவில்லை என்றால் பிறகு எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அவள் கடையில் வந்து அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். லேப்டாப்பைத் திறந்து, கேமராவைப் போட்டு, என் முன்னால் திருப்பி வைத்தாள். என் மூக்கை நான் பார்த்தேன். "இந்த மொகத்துக்கு நீங்க வேல குடுப்பீங்களாக்கா?" என்றாள்.

பில் போடுகிற எங்கள் பழைய லேப்டாப் ஒன்று உண்டு. தூக்கினால் தோள் இறங்கும். ஆனால் கேமரா இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். ராஜன் அண்ணனிடம் கேட்டேன். அவர் உடனே அதைத் துடைக்க ஆரம்பித்தார். மறுபடி கூப்பிட்ட அன்று ஷீபாவைக் கடையின் பின்னறையில் உட்கார வைத்தோம். சத்தம் வரக்கூடாது என்று மின்விசிறியை அணைத்தோம். ஸ்டீபன் பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே நின்று, ஹாரன் அடித்த ஆட்டோக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டான். உள்ளே ஷீபாவின் ஜெர்மன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை; நடுவில் அவள் சிரித்தது மட்டும் புரிந்தது.

வேலை கிடைத்துவிட்டது. போவதற்கு முன் கடைக்கு வந்து ஆளுக்கொரு லட்டு கொடுத்தாள். நடுவில் எதற்குச் சிரித்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "'போன தடவ பேசினது நீங்கதானா'ன்னு கேட்டாங்கக்கா. ஆமான்னேன். 'மன்னிக்கணும், அன்னைக்கி நாங்க உங்கள பாக்கவே இல்ல'ன்னாங்க."

அன்று மத்தியானமே ராஜன் அண்ணன் மிச்சமிருந்தவற்றை முன்வரிசையிலிருந்து எடுத்துக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார். சார்ஜர்களைத் தனியாகக் கட்டியிருந்ததால், லேப்டாப் பெட்டியைத் தூக்கிப் பார்த்த கொரியர்காரர் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அழகு மட்டும்தான் என்றேன்.