சுருளியாண்டி துடைத்த கண்ணாடி

என் பெரியம்மா மகள் மொக்கம்மாள் போடியில் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பிரிக்கிறவள். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம் என்று முறத்தில் அவள் விரல் ஓடும். கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆனபிறகு சோடாப் பாட்டில் அடி மாதிரி ஒரு கண்ணாடி போட்டார்கள். அது கனத்த கனத்துக்குக் குனிந்தாலே நழுவிக் காய்க்குள் விழும். மூக்கில் புண் ஆறவே இல்லை.

வருசம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலோ அஞ்சோ இருக்கும். தேனியில் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஏசுதாசன், பிளாஸ்டிக்கில் லென்சு வந்திருக்கிறது, கனமே தெரியாது என்றார். அக்காள் புருசன் சுருளியாண்டி அத்தான் உடனே வாங்கிக் கொடுத்துவிட்டார். போட்ட அன்றைக்கு அக்காள், இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று மூக்கைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

அத்தான் மலையில் ஏலத்தோட்டக் காவலுக்கு இருந்தவர். அரிக்கேன் சிம்னியை அடுப்புச் சாம்பல் தொட்டுத் துடைத்துப் பழகிய கை. அக்காளின் பழைய கண்ணாடியையும் காலையில் அவள் எழுவதற்கு முன்னால் அப்படித்தான் துடைத்து வைப்பார். புதுசுக்கும் அதே பக்குவம்தான்.

ரெண்டு மாசத்தில் அவளுக்குப் பச்சையும் வெளுப்பும் ஒன்றாய்த் தெரிந்தது. கணக்குப்பிள்ளை முறத்தைக் கிளறிப் பார்த்து, "ஆத்தா, இன்னமும் இப்பிடிக் கலந்து கெடந்தா வேற ஆளைத்தான் உக்கார வைக்கணும்" என்றார். கண் மறுபடி போச்சே என்று வீட்டில் வந்து அழுதாள். அத்தான் என்ன செய்வார்? மறுநாள் இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தார்.

கடைசியில் மூணு பேருமாகத் தேனிக்குப் போனோம். ஏசுதாசன் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்லக்கா. லென்சு பூராம் கீறல். பழசு நெசக் கண்ணாடி, தாங்குச்சு. இது பிளாஸ்டிக்கு. சாம்பலைப் போட்டுத் தேய்ச்ச புண்ணியவான் யாரு?"

அத்தான் முகம் செத்துப்போனது. அவர் வாயைத் திறப்பதற்குள் அக்காள் முந்திக்கொண்டாள்.

"நாந்தேன். சட்டி தேய்ச்ச கை சும்மா இருக்குமா?"

ஏசுதாசன் அத்தானின் நகக்கண்ணில் இருந்த சாம்பல் கறையைப் பார்த்தார். "வேற போட்டுத் தாரேன். தண்ணியில கழுவி, பழைய நூல்துணியில ஒத்தி எடுத்தாப் போதும்" என்றார்.

புது லென்சு போட்டு வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் அத்தான், "இனிமே நீயே தொடைச்சுக்க புள்ள" என்றார், சன்னலைப் பார்த்துக்கொண்டு.

"ஏன், தண்ணி ஊத்தக்கூடவா ஒங்களுக்கு வராது?" என்றாள் அக்காள்.

அன்றிரவு நான் அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் விடியக்காலை நான் எழுந்து வந்தபோது, செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, பச்சைப்பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி அத்தான் அந்தக் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்காள் முழித்துத்தான் கிடந்தாள். அவர் முடிக்கட்டும் என்று எழுந்திரிக்காமல் படுத்திருந்தாள்.