காணாமல் போன இருபது வோல்ட்

வெள்ளிக்கிழமை நண்பகலில் தோல் பதனிடும் எங்கள் டேனரியில் எஞ்சினை நிறுத்துவார்கள். முதலாளி தொழுகைக்குப் போவார். எஞ்சின் நின்றால் டைனமோ நிற்கும். டைனமோ நின்றால் எல்லாமே நிற்கும். அவர் திரும்பி வருவதற்குள் வயர்மேன் தன் ரிப்பேர் வேலைகளை முடித்துவிட வேண்டும். வேறு நாளில் நிறுத்தச் சொன்னால் மேஸ்திரி ஏதோ அவர் வீட்டுச் சொத்தைக் கேட்டதுபோல் முறைப்பார். ஆம்பூரில் அந்த டேனரிக்கு வயர்மேன் நான்தான். எனக்கு வயது இருபத்துநான்கு, முன்கோபம் கொஞ்சம் ஜாஸ்தி.

அங்கே பெரிய மரப்பீப்பாய் ஒன்று உண்டு. அதை டிரம் என்போம். உள்ளே தோலையும் ஆவாரம்பட்டைச் சாற்றையும் போட்டு மோட்டார் வைத்துச் சுற்றவிடுவார்கள். அதை ஓட்டியவர் நாட்றம்பள்ளிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். டேனரி கொடுத்த ஓர் அறையில் மனைவி மக்களோடு இருந்தார். வேலை போனால் அறையும் போகும்.

ஒரு மாதமாக டிரம் சோம்பிப்போயிருந்தது. நிமிஷத்துக்குப் பன்னிரண்டு சுற்று வரவேண்டியது, பதினொன்றுக்கே முக்கிக்கொண்டிருந்தது. தோலின் ஓரத்தை வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளைக் கோடு. சாறு உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம்.

"ஜாஸ்தி தோல ஏத்திட்டு சீக்கிரம் வூட்டுக்குப் போவப் பாக்கறான், வேற இன்னா?" என்றார் மேஸ்திரி. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஆளை மாற்றிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

புதன்கிழமை டிரம்காரர் என்னிடம் வந்தார். "தம்பி, நான் எண்ணித்தான் போடறேன். ஒரு தோலுகூட ஜாஸ்தி இல்ல. நீ ஒருவாட்டி வந்து பாரேன்."

"எனக்கு வேற வேலயே இல்லன்னு நெனச்சிக்கினியா?" என்று எரிந்து விழுந்தேன். மூத்தவரை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பிறகு, வேலூர் லாங் பஜாரில் பழையதாக வாங்கிய வோல்ட் மீட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

எஞ்சின் அறைப் பலகையில் வோல்ட் இருநூற்றிருபது, டிரம் லைனில் ஆம்பியர் இருபது. டிரம் வழக்கமாக இழுப்பதும் அதே இருபதுதான். தோல் அதிகம் ஏற்றியிருந்தால் ஆம்பியர் முள் மேலே போயிருக்கும். போகவில்லை. அவர் பக்கம் தப்பில்லை என்று அந்த முள்ளே சொல்லிவிட்டது. அப்புறம் டிரம்முக்குப் போய் மோட்டாரின் வாயிலேயே வைத்துப் பார்த்தேன். வோல்ட் நூற்றுத்தொண்ணூற்றாறு.

பீடிக்கட்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். வழியில் குறைந்தது இருபத்துநான்கு வோல்ட். அவ்வளவு நீள வயரில் நான்கு வோல்ட் குறைவது நியாயம். மீதி இருபது எங்கே? வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. இருபதை இருபதால் வகுத்தேன், ஒரு ஓம். வயரில் எங்கோ இருக்கக் கூடாத ஒரு ஓம் உட்கார்ந்திருக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் அது தின்னும் சக்தி: நானூறு வாட். நாற்பது வாட் விளக்குப் பத்து எரிகிற அளவு, டிரம்முக்குப் போய்ச் சேராமல் நடுவிலேயே சூடாகிக்கொண்டிருந்தது.

சூடென்றால் கைக்குத் தெரிய வேண்டும். வயரை மூடியிருந்த மரச்சட்டத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். பச்சைத் தோலுக்கு உப்புப் போடும் அறைச் சுவரில் கை சுட்டது. அங்கே எந்த இடம் என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது. நான்கு வெள்ளிக்கு முன் உப்பு அரித்த வயரை வெட்டி, புது வயரை முறுக்கிச் சேர்த்தது நான்தான். ஈயம் பற்றவைப்பதற்குள் முதலாளியின் ஜட்கா வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன், மறந்தும் போனேன். ஈயமில்லாத முறுக்கில் உப்பு ஏறி, கரண்டை மறித்துச் சூடாக்கியிருக்கிறது. தோல் நாற்றத்தில் கருகல் வாசனை யார் மூக்குக்கு எட்டும்?

எனக்குப் பயம் வந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வெள்ளிக்கிழமை சத்தம் போடாமல் ஈயம் வைத்துவிட்டால் டிரம் சரியாகிவிடும், அவருக்கு வேலை போகாது, எனக்கும் பெயர் கெடாது. இதுவும் நான் போட்ட கணக்குதான். வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அப்படியே செய்தேன். எஞ்சின் மறுபடி கிளம்பியதும் டிரம் பன்னிரண்டு சுற்று சுற்றியது. மேஸ்திரி கடிகாரத்தைக் கையில் வைத்து எண்ணிப் பார்த்தார். எண்ணிவிட்டு முதலாளியிடம் சொன்னார்:

"பாத்தீங்களா? வேல போவும்னு தெரிஞ்சதும் ஒழுங்கா ஏத்தறான். அப்ப இத்தினி நாளும் திருட்டுத்தனம்தானே?"

முதலாளி தலையசைத்தார். "நாளையிலிருந்து வர வேணாம்னு சொல்லிடு."

டிரம்காரர் அங்கேயே நின்றிருந்தார். அடப்பாவி, நான் செய்த ரிப்பேரே அவருக்கு எதிர்ச் சாட்சியாகிவிட்டதே! ஓடிப்போய்க் கருகிய மரச்சட்டத்தை எடுத்துவந்து முதலாளி முன்னால் போட்டேன். பீடிக் காகிதத்தையும் நீட்டினேன். தப்பு என் ஜாயிண்டில், தோலில் இல்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

முதலாளி காகிதத்தைப் பார்க்கவில்லை. மரத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை."

அவர் மரத்தைக் கீழே போட்டார். பிறகு மேஸ்திரியிடம், "டிரம்காரன் இருக்கட்டும்" என்றார். என்னையும் அனுப்பவில்லை. டைனமோவைத் தொடத் தெரிந்த வேறு ஆள் டேனரியில் இல்லை, அவ்வளவுதான்.

எல்லாரும் போன பிறகு டிரம்காரர் என் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"புதன்கிழமயே தெரியுமா தம்பி? ரூம காலி பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி நாமே போய்டலாம்னு, நேத்துதான் பொண்டாட்டி புள்ளங்கள ஊருக்கு அனுப்பிட்டேன். சின்னது அழுதுகினே போச்சு."